சுவரில் விழுந்த ஒளி

பள்ளிகளின் பண்டக அறையில் இரும்பு அலமாரியின் அடித்தட்டைத் திறந்து பார்த்தவர்கள் அந்தப் பெட்டியைக் கண்டிருப்பார்கள். பழைய மேசை விரிப்பு ஒன்றால் போர்த்தப்பட்டு, ஒற்றைக் கையை மேலே தூக்கியபடி அது நின்றுகொண்டிருக்கும். தட்டையான கண்ணாடி மேடை, அதன் மூலையில் ஒரு தண்டு, தண்டின் நுனியில் சிறியதொரு தலை. தலைக்குள் ஒரு வில்லையும், சாய்ந்த ஒரு முகக்கண்ணாடியும் இருக்கும். ஆசிரியர்கள் அதனை ஓ.எச்.பி. என்று மூன்றெழுத்தில் அழைத்தார்கள். அறிவியல் பாடமும் மறைக்கல்வியும் ஆசிரியர் பயிற்சியும் அதன் ஒளியில் நடந்த காலம் ஒன்று இருந்தது. இன்றைய இளைஞரில் பெரும்பாலோர் அது எரிந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

அந்தப் பெட்டியின் முன்னோர்களைப் பற்றிச் சொல்லப் புகுமுன், ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டியவனாக இருக்கிறேன். "படங்காட்டும் விளக்கைக் கண்டுபிடித்தவர் ஓர் இயேசு சபைத் துறவி" என்று ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வகுப்பில் சொல்லி வந்தேன். எனக்கு அதைச் சொன்னவரும் ஒரு நல்ல ஆசிரியர்தாம். நம் ஏடுகளிலும் அவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது. மாணவர்கள் முகத்தில் ஒரு பெருமிதம் படரும். எனக்கும் அது பிடித்திருந்தது. ஆனால், அது முழு உண்மையன்று.

அந்தத் துறவியின் பெயர் அத்தனாசியுஸ் கிர்ஹர். ஜெர்மனியின் கைசா என்னும் ஊரில் 1602-இல் பிறந்தவர். உரோமைக் கல்லூரியில் கணிதமும் கீழை மொழிகளும் கற்பித்தவர். எரிமலையின் வாயில் இறங்கிப் பார்த்தவர்; எகிப்தியரின் சித்திர எழுத்தை வாசித்துவிட்டதாக நம்பி ஏமாந்தவர்; காந்தம், இசை, கொள்ளைநோய் என்று அவர் தொடாத துறை அரிது. ஒளியும் நிழலும் பற்றிய பெருநூல் ஒன்றை அவர் 1646-இல் உரோமையில் வெளியிட்டார். அதில் ஒரு வேடிக்கையான முறையைச் சொல்கிறார். முகம் பார்க்கும் ஆடியின் மேல் எழுத்துகளைத் தலைகீழாக எழுத வேண்டும். அந்த ஆடியால் வெயிலை இருட்டறைக்குள் திருப்ப வேண்டும். நடுவில் ஒரு குவிவில்லையைப் பிடித்தால் எதிர்ச் சுவரில் எழுத்துகள் நேராகத் தோன்றும். ஆடியின் மேல் உயிருள்ள ஈயை விட்டால் சுவரில் பெரும் ஈ ஊரும் என்றும் குறித்திருக்கிறார். பிள்ளைகளை நன்கு அறிந்த மனிதர் என்று தோன்றுகிறது!

தூரம் கூடக்கூட எழுத்து பெரிதாகும், ஆனால் மங்கிப்போகும் என்னும் குறையை அவரே உணர்ந்திருந்தார். வேறு யாரேனும் இதனைச் செம்மைப்படுத்துவார்கள் என்ற நம்பிக்கையையும் எழுதி வைத்தார். தம் கருவியின் குறையைத் தம் நூலிலேயே பதிவு செய்யும் அறிஞர் எக்காலத்திலும் சிலரே.

செம்மைப்படுத்தியவர் கத்தோலிக்கர் அல்லர். ஹாலந்து நாட்டின் கால்வினியக் குடும்பத்தைச் சேர்ந்த கிறிஸ்டியான் ஹைகன்ஸ் அவர். நம் பாடநூல்களில் ஒளியின் அலைக்கொள்கையோடு சேர்ந்து வரும் அதே ஹைகன்ஸ்தான். பெட்டிக்குள் விளக்கு, விளக்கின் முன் வில்லை, படம் தீட்டிய கண்ணாடி, அதற்கப்பால் இன்னொரு வில்லை என்னும் அமைப்பு அவர் கையில் உருவாயிற்று. 1659-ஆம் ஆண்டைச் சேர்ந்த அவருடைய ஏடு ஒன்றில் பத்துச் சிறிய கோட்டோவியங்கள் காணப்படுகின்றன. ஒரு எலும்புக்கூடு தன் தலையைத் தானே கழற்றிக் கையில் எடுத்து, மீண்டும் பொருத்திக்கொள்கிறது. விளக்கில் வைத்துக் காட்டுவதற்கான படங்கள் அவை. நமக்குக் கிடைத்துள்ள சான்றுகளில் மாய விளக்கின் தொடக்கம் இதுதான்.

இதில் ஒரு விந்தை உண்டு. ஹைகன்ஸ் தம் படைப்பை எண்ணி வெட்கப்பட்டார். தொலைநோக்கியால் சனிக்கோளின் வளையத்தை விளங்கிக்கொண்ட மேதைக்கு இந்தப் படங்காட்டும் பெட்டி ஒரு சில்லறை விளையாட்டாகத் தோன்றியது. அவருடைய தந்தை கான்ஸ்தந்தைன் ஒரு விளக்கைக் கேட்டார். தட்ட முடியாமல் மகன் அனுப்பிவைத்தார். பின்னர்தான் தெரிந்தது, தந்தை அதனைப் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் அரசவையில் காட்ட எண்ணியிருக்கிறார் என்று. குடும்பத்தின் பெயர் என்னாவது? 1662-இல் கிறிஸ்டியான் தம் தம்பி லோடவைக்குக் கடிதம் எழுதினார். விளக்கு வந்து சேர்ந்ததும், அதிலுள்ள இரண்டு வில்லைகளில் ஒன்றை எடுத்துவிடு, அது வேலை செய்யாமற் போகட்டும் என்பது அக்கடிதத்தின் சாரம்.

படங்காட்டும் கருவிகளின் வரலாற்றில் நாம் அறிந்த பழுதுகளில் மிகப் பழையது இதுவாகத்தான் இருக்கும். கண்டுபிடித்தவரே சொல்லிச் செய்வித்த பழுது! அறிவு மிக்கவர்கள் எளிய கருவியைக் கண்டு கூசுவதும், அக்கூச்சத்தால் கருவி மூலைக்குப் போவதும் பின்னரும் நடந்திருக்கின்றன. அதற்கு நானே ஒரு சாட்சி என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

கிர்ஹர் தம் நூலின் இரண்டாம் பதிப்பை 1671-இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்டபோது, மாய விளக்கின் படங்கள் இரண்டை அதில் சேர்த்தார். ஒன்றில் நெருப்பின் நடுவே நிற்கும் ஓர் ஆன்மா; உத்தரிக்கிற தலமா நரகமா என்று அறுதியிட முடியவில்லை. மற்றொன்றில் அரிவாளேந்திய சாவின் உருவம். தாமஸ் வால்கன்ஸ்டைன் என்னும் டென்மார்க் நாட்டுக் கணித அறிஞர் இவ்விளக்கைத் திருத்தமாகச் செய்து இத்தாலியச் சிற்றரசர்களுக்கு விற்றார் என்பதையும் அங்கேயே குறிப்பிடுகிறார். ஆகவே, பிறருடைய உழைப்பை மறைத்தார் என்று கிர்ஹரைக் குற்றஞ்சாட்ட இடமில்லை. அவரை ஒரே கண்டுபிடிப்பாளராக ஆக்கியது பின்வந்த நம் போன்றோரின் ஆர்வம்.

அப்படங்களில் இன்னொன்றும் உண்டு. படம் தீட்டிய கண்ணாடித் தகடு வில்லைக்கு வெளியே இருப்பதாக வரையப்பட்டுள்ளது. உருவங்களும் நேராக நிற்கின்றன. ஒன்பதாம் வகுப்பு மாணவன்கூடச் சொல்லிவிடுவான், இப்படி வைத்தால் சுவரில் படம் விழாது என்று. தகடு வில்லைக்கு உட்புறத்தில், தலைகீழாக இருக்க வேண்டும். வரைந்தவரின் பிழையா, கிர்ஹரின் கவனக்குறைவா என்று அறிஞர்கள் வழக்காடியிருக்கிறார்கள். எதுவாயினும், அச்சில் வந்த அப்படத்தைப் பார்த்து விளக்குச் செய்ய முனைந்த எவரும் இருட்டில்தான் உட்கார்ந்திருப்பார்.

நமக்குரிய பெருமை வேறோர் இடத்தில் இருக்கிறது. அதை நாம் அதிகம் பேசுவதில்லை. மார்த்தினோ மார்த்தினி என்னும் இயேசு சபைத் துறவி சீனாவில் பணியாற்றியவர். சீனச் சடங்குகள் பற்றிய வழக்கில் தம் சபையின் தரப்பை உரோமையில் எடுத்துரைப்பதற்காக அவர் ஐரோப்பா திரும்பினார். அந்த நெடும்பயணத்தை 1654-இல் லூவேன் நகரில் மக்களுக்குப் படங்களாகக் காட்டியவர் ஆந்த்ரே தாக்கே. அவரும் அதே சபையினர், கணித ஆசிரியர். கிர்ஹரின் முறையை அவர் கையாண்டார். அடுத்த ஆண்டு, மார்த்தினியின் புகழ்பெற்ற சீன நிலப்படத் தொகுதி ஆம்ஸ்டர்டாமில் அச்சேறியது. ஆவியையும் எலும்புக்கூட்டையும் காட்டி மிரட்டுவதற்கு முன்பே, தொலைவிலுள்ள ஒரு நாட்டையும் அதன் வழியையும் சுவரில் காட்டிப் பாடம் சொன்னவர் ஒருவர் இருந்தார் என்பது எவ்வளவு பெரிய செய்தி! கண்டுபிடித்தவர் என்ற பட்டத்தைவிட, கற்பிக்கப் பயன்படுத்தியவர் என்ற பட்டம் குறைந்ததென்று எனக்குத் தோன்றவில்லை.

பின்வந்த நூற்றைம்பது ஆண்டுகளில் விளக்கு பெரும்பாலும் வேடிக்கைக்கே போயிற்று. ஊர் ஊராகப் பெட்டியைச் சுமந்து படங்காட்டிப் பிழைத்தார்கள். இதன் உச்சம் பாரிசு நகரில் நிகழ்ந்தது. எத்தியேன் காஸ்பார் ரொபேர் என்பவர் லியேஜ் நகரத்தவர், லூவேனில் பயின்றவர், ராபர்ட்சன் என்ற பெயரில் அறியப்பட்டவர். பிரெஞ்சுப் புரட்சியில் துறவியர் வெளியேற்றப்பட்டுப் பாழடைந்து கிடந்த கப்புச்சின் மடம் ஒன்றில், 1799 முதல் அவர் ஆவிக்காட்சி நடத்தினார். விளக்கைச் சக்கரங்களின் மேலேற்றித் திரைக்குப் பின்னால் வைத்தார். முன்னே தள்ளினால் உருவம் சுருங்கும். பின்னே இழுத்தால் பெருத்துக்கொண்டே வந்து பார்ப்போர் மேல் பாய்வதுபோல் தோன்றும். கற்றவர்களும் அலறினார்கள். இவை அனைத்தும் ஒளியியலின் விளையாட்டே, மூடநம்பிக்கையை ஒழிப்பதே என் நோக்கம் என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டுத்தான் அவர் விளக்கணைப்பாராம். செபம் ஒலித்த சுவர்களின் நடுவில் கட்டணம் பெற்றுக் காட்டிய பேய்களை நினைக்கும்போது மனம் சற்றே கசக்கிறது. அதே சமயம், அவர் சொன்னதில் உண்மையும் இருந்தது.

திருச்சபை இக்கருவியை எவ்வாறு நோக்கியது? ஒரே குரலில் அன்று. பிரான்சில் விண்ணேற்பு அன்னை சபையினர் நடத்திய 'போன் பிரெஸ்' என்னும் அச்சகம், மறைக்கல்விக்கான கண்ணாடிப் படங்களைத் தயாரித்துப் பங்குகளுக்கு வழங்கியது; 1903-இல் இதற்கென்றே ஒரு இதழையும் தொடங்கியது. பங்குத் தந்தையர் சிலர் கோவிலுக்குள்ளேயே திரை கட்டித் தவக்கால மறையுரைகளைப் படங்களோடு ஆற்றினர். மக்கள் திரண்டார்கள். ஆனால் 1912 டிசம்பர் 10 அன்று உரோமைப் பேராயம் ஓர் ஆணை பிறப்பித்தது. கோவில்களுக்குள் எவ்வகைப் படக்காட்சியும் கூடாது. இறைவழிபாட்டிற்கென அர்ச்சிக்கப்பட்ட இடத்தின் மாண்பு காக்கப்பட வேண்டும் என்பது அதன் கருத்து. புனித பத்தாம் பத்திநாதர் திருத்தந்தையாக இருந்த காலம் அது.

இந்த ஆணையை இன்று படிப்பவர் புன்னகைக்கக்கூடும். அவசரப்பட வேண்டாம் என்பேன். இருட்டில், ஒரு திசையை நோக்கி, ஒளியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் கூட்டம் எளிதில் வசப்படும் கூட்டம். ராபர்ட்சனின் மடத்தில் நடந்ததை அறிந்தவர்கள் அஞ்சியதில் தவறில்லை. அரை நூற்றாண்டுக்குப் பின் 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புச் சாதனங்களைப் பற்றித் தனி ஏடு வெளியிட்டது. பின்னாளில் நம் கோவில்களிலேயே ஓ.எச்.பி.யின் ஒளி சுவரில் விழுந்தது; பாட்டுப் புத்தகம் வாங்க இயலாத ஏழையும் வரிகளைப் பார்த்து வாய்விட்டுப் பாடினார். மேலே அகன்று கீழே குறுகிய சரிவகமாக அந்த வரிகள் விழும். திரையின் மேல்விளிம்பைச் சற்று முன்னுக்குச் சாய்த்தால் அது நேராகும். ஆனால், கோவில் சுவரை யார் சாய்ப்பது?

விளக்கணைக்காமலே படங்காட்ட முடிந்ததுதான் ஓ.எச்.பி.யின் தனிச்சிறப்பு. அதற்குக் காரணமானவர் ஒரு நோயாளி. பள்ளியைப் பற்றி நினைத்தே பாராதவர்.

அகுஸ்தின் பிரெனெல் 1788-இல் பிரான்சில் பிறந்தார். யான்சனியப் போக்குடைய, கண்டிப்பான பக்தி மிகுந்த குடும்பம். சாலை போடும் பொறியாளராக வயிறு வளர்த்தவர். ஓய்வு நேரத்தில் ஒளியை ஆராய்ந்து, ஹைகன்சின் அலைக்கொள்கைக்கு உயிர் கொடுத்தவர். கலங்கரை விளக்கங்களைச் சீர்செய்யும் குழுவில் சேர்ந்தபோது ஒரு சிக்கல் எதிர்ப்பட்டது. கடலுக்கு நெடுந்தூரம் ஒளி வீச வேண்டுமாயின் பெரிய வில்லை வேண்டும்; பெரிய வில்லையோ நடுவில் தடித்துப் பாறையாகக் கனக்கும், ஒளியையும் விழுங்கும். வில்லையின் வேலையைச் செய்வது அதன் வளைந்த மேற்பரப்புதான்; உள்ளிருக்கும் பருமன் வெறும் சுமை. ஆகவே, சுமையை நீக்கிவிட்டு, வளைவை மட்டும் வளையம் வளையமாக அடுக்கிவிட்டார். இந்த எண்ணத்தின் வித்து பதினெட்டாம் நூற்றாண்டில் புஃபோன் போன்றோரிடமே இருந்தது. அதைக் கடற்கரையில் நிறுத்திக் காட்டியவர் பிரெனெல். ஜிரோந்து ஆற்று முகத்திலுள்ள கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் 1823 ஜூலையில் அந்த ஒளி ஏற்றப்பட்டது. நான்கு ஆண்டுகளில், 39-ஆம் வயதில், காசநோய் அவரைக் கொண்டுபோயிற்று. இலண்டன் அரச கழகத்தின் பதக்கம் அவருடைய மரணப் படுக்கைக்கு வந்து சேர்ந்தது.

ஓ.எச்.பி.யின் கண்ணாடி மேடைக்கு அடியில் விரலால் தடவினால் இசைத்தட்டைப் போல் வரிவரியாக நெருடும் ஒரு பிளாஸ்டிக் தகடு உண்டு. அது பிரெனெலின் கலங்கரை விளக்கமேதான். அது இல்லாவிட்டால், ஒரு தாளின் அகலத்திற்கு ஒளியைத் திரட்ட ஆட்டுரல் அளவுக் கண்ணாடிக் குண்டு தேவைப்பட்டிருக்கும்.

மேல்நோக்கி ஒளியைச் செலுத்தி ஆடியால் திருப்பும் எண்ணம் பழையது. எட்மண்ட் பெக்கரல் 1853-இல் அவ்வாறானதொன்றை அமைத்தார். ஜூல் துபோஸ்க் என்னும் கருவி வினைஞர் 1866-இல் அதனைச் செயல்படுத்திக் காட்டினார். ஆனால் அது பரவவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படை தன் வீரர்களுக்கு விரைந்து பயிற்சியளிக்க அதைக் கையிலெடுத்தது. பள்ளிக்குள் கொண்டுவந்ததோ அச்சம். 1957 அக்டோபர் 4 அன்று சோவியத் நாடு ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியது. எங்கள் பிள்ளைகள் அறிவியலில் பின்தங்கிவிட்டார்கள் என்று அமெரிக்கா பதறியது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் தேசப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் நிறைவேறியது. அறிவியல், கணிதம், அயல்மொழி ஆகியவற்றைக் கற்பிக்கும் கருவிகளுக்கு அரசு பணம் கொடுத்தது. மின்னசோட்டா மாநிலத்தின் 3எம் நிறுவனத்தில் ரோஜர் அப்பல்டோர்ன் என்பவர், பிரெனெலின் வரிகளை மலிவான பிளாஸ்டிக்கில் நுணுக்கமாக வார்க்கும் வழியைக் கண்டார். 1962 அளவில் அந்நிறுவனத்தின் கருவி வகுப்பறைகளுக்குள் நுழைந்தது.

கரும்பலகையில் எழுதும் ஆசிரியர் மாணவருக்கு முதுகைக் காட்ட வேண்டும். ஓ.எச்.பி. வந்த பின் அவர் முகத்தைக் காட்டியபடியே எழுதினார். அதே 1960களில்தான் நம் பீடங்களும் திருப்பப்பட்டு, குருவானவர் மக்களை நோக்கி நின்று திருப்பலி நிறைவேற்றத் தொடங்கினார். இந்த ஒப்புமையை நீட்டுவது தகாது என்று அறிவேன். எனினும் நினைவுக்கு வந்ததை மறைக்கவில்லை.

மற்றொரு கண்டுபிடிப்பும் வேண்டியிருந்தது. சாதாரண மின்குமிழில் டங்ஸ்டன் இழை ஆவியாகிக் கண்ணாடியின் உட்புறத்தைக் கறுப்பாக்கும். குமிழுக்குள் சிறிது அயோடினை அடைத்தால், அது ஆவியான உலோகத்தைப் பிடித்து மீண்டும் இழைக்கே கொண்டு சேர்க்கும். அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த எல்மர் ஃபிரிட்ரிக், எம்மெட் வைலி ஆகிய இருவரும் 1959-இல் இதற்குக் காப்புரிமை பெற்றனர். சுண்டுவிரல் நுனியளவு குவார்ட்ஸ் குமிழிலிருந்து கண்கூசும் வெளிச்சம்! ஆனால், அந்தச் சுழற்சி நடக்க வேண்டுமானால் குமிழின் சுவர் 250 பாகை செல்சியசுக்கு மேல் கொதிக்க வேண்டும். ஓ.எச்.பி.யின் நோய்களில் பாதி அங்கிருந்தே பிறந்தன.

புதிய விளக்கை வெறுங்கையால் தொட்டால் வியர்வையின் உப்பு குவார்ட்சில் படியும். சூட்டில் அந்த இடம் பால்போல் வெளுத்து நொறுங்கும். துணியால் பிடித்தே பொருத்த வேண்டும். தவறித் தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். எரிந்து சூடேறிய இழை மெழுகைப் போன்றது; அந்நிலையில் கருவியைத் தூக்கி அடுத்த வகுப்புக்கு ஓடினால் இழை வளைந்து அறும். மணியடித்தவுடன் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் நம் வழக்கம்! விசிறி ஓடி அடங்கும்வரை பொறுத்திருக்க யாருக்கும் நேரமிருந்ததில்லை. தண்டைப் பிடித்துத் தூக்குவது அடுத்த பாவம். தலை ஒருபக்கம் சாய்ந்தபின் எவ்வளவு திருகினாலும் எழுத்து தெளியாது.

திரையின் ஓரங்களில் செம்பழுப்போ நீலமோ படர்ந்தால் பலர் பட்டறைக்கு அனுப்பினார்கள். அது நோயே அன்று. பிரெனெல் தகடு விளக்கின் ஒளியைத் திரட்டித் தலையிலுள்ள வில்லையின் மேல் குவிக்க வேண்டும். விளக்கு ஏறியோ இறங்கியோ இருந்தால் குவியம் தவறும், நிறங்கள் பிரிந்து ஓரத்தில் தெரியும். பல கருவிகளில் இதற்கென்றே ஒரு திருகு இருந்தது. அரைச் சுற்றுச் சுற்றினால் வெள்ளையாகிவிடும். தகட்டின் வரிகளில் தூசி படிந்தால் மெல்லிய துணியும் சோப்புநீரும் போதும். சாம்பல் போட்டுத் தேய்த்தவர்களும் உண்டு. தலையிலுள்ள முகக்கண்ணாடி உடைந்தபோது ஒரு பள்ளியில் கண்ணாடிக் கடையில் அளவாக வெட்டி வாங்கி ஒட்டினார்கள். அதன்பின் சுவரில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு நிழலெழுத்து விழுந்தது. நம் வீட்டுக் கண்ணாடிக்கு இரசம் பின்புறத்தில் இருக்கிறது. முன்பரப்பும் பின்பரப்பும் தனித்தனியே எதிரொளித்து இரண்டு படங்களாகும். ஓ.எச்.பி.யின் ஆடிக்கு இரசம் முன்புறத்தில். அதைத் துணியால் அழுத்தித் துடைத்தாலே கீறல் விழும். இறகோ மென்தூரிகையோ போதும்.

இவ்வளவும் அறிந்த நான், என் பள்ளியில் செய்தது என்ன?

1986-இல் ஜெர்மனியிலுள்ள ஒரு பங்கின் மக்கள் எங்கள் பள்ளிக்கு ஓ.எச்.பி. ஒன்றை அனுப்பியிருந்தார்கள். இரண்டாண்டு நன்றாக ஓடியது. அறிவியல் கற்பித்த அருட்சகோதரி ஒருவர் கோடை விடுமுறையில் உட்கார்ந்து நிறமைகளால் படத்தாள்கள் எழுதுவார். 1988-இல் ஒருநாள் அது எரியவில்லை. விளக்குப் போய்விட்டது என்றார்கள். அந்த விளக்கு உள்ளூரில் கிடைக்காது, விலையும் அதிகம். இருப்புப் பதிவேட்டில் இருக்கும் பொருளைக் கழற்றிப் பார்த்து ஏதாவது ஆனால் யார் பொறுப்பு? பூட்டி வைத்தோம். சகோதரி மாற்றலாகிப் போனார். சில ஆண்டுகளில் இறைவனடி சேர்ந்தார். இடையில் அந்தப் பங்கிலிருந்து, கருவி பயன்படுகிறதா என்று அன்போடு விசாரித்துக் கடிதம் வந்தது. ஆங்கிலம் நன்றாக எழுதுவார் என்று என்னிடம் கொடுத்தார்கள். மாணவர்கள் அதனால் மிகுந்த நன்மை அடைகிறார்கள் என்று எழுதினேன். அதன்பின் இரண்டு முறை அவ்வாறே எழுதினேன். அறிவியல் ஆசிரியனாகிய நான் ஒரு முறையும் அந்த மூடியைத் திறக்கவில்லை. பழுது பார்ப்பது என் தகுதிக்குரிய வேலையன்று என்ற எண்ணம் உள்ளூர இருந்தது. ஹைகன்சுக்கு ஒரு தம்பி தேவைப்பட்டார். எங்களுக்கு அதுவும் தேவைப்படவில்லை.

1999-இல் அலமாரிக்கு வெள்ளையடிக்க எல்லாவற்றையும் வெளியே எடுத்தபோது, ஆய்வகப் பணியாளர் கேட்டார்: "சார், இதைக் கழித்துவிடலாமா? ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்களேன்." அவர் முன்னிலையில் மறுக்க முடியவில்லை. மேடையைத் தூக்கினேன். மூடியைத் திறந்தால் மின்சாரம் தானே நின்றுவிடும்படி விளிம்பில் ஒரு சிறு பொத்தான் வைத்திருப்பார்கள். மூடினால் அது அழுந்தி மின்சாரம் பாயும். பொத்தானின் குழிக்குள் குளவி ஒன்று மண்கூடு கட்டிக் காய்ந்து போயிருந்தது. மூடி பொத்தானைத் தொடவேயில்லை. விளக்கைப் பார்த்தேன், இழை அறாமல் இருந்தது.

அவர் ஈர்க்குச்சியால் மண்ணைக் கிள்ளி எடுத்தார். மூடினோம். விசையைத் தட்டியதும் விசிறி உறுமியது. பதினோரு ஆண்டுத் தூசி தீய்ந்த வாடை வந்தது. மேடையின் மேல் ஒட்டிக்கொண்டிருந்த தாள் ஒன்றை நாங்கள் கவனித்திருக்கவில்லை. எதிர்ச் சுவரில் மனிதக் கண்ணின் குறுக்குவெட்டுத் தோற்றம் எழுந்தது. சகோதரியின் கையெழுத்து. பச்சை மையில் கருவிழி, நீல மையில் விழிவில்லை. விழித்திரையைச் சுட்டும் அம்புக்குறியின் முனையில் பெயரை எழுதாமல் விட்டிருந்தார். மாணவர்களைக் கேட்டு எழுதிக்கொள்வது அவர் வழக்கம்.

அன்று மாலை அந்தப் பங்கிற்கு நான்காவது கடிதம் எழுதினேன். முந்தைய மூன்றைப் பற்றியும் அதில் எழுதினேன்.